மூப்பர் கொடுத்த பெட்டி

அக்டோபர் 17, வெள்ளி

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்றால் என்னவென்று தெரியாது. வெளிநாட்டில் வந்து இறங்கிய அன்றே எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றிப் பேசக் கூடாது.

விமான நிலையத்திலிருந்து நேராகச் சபை ஹாலுக்குக் கூட்டிப்போனார்கள். வாலிபர் கூட்டம். ஒருத்தனாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! எல்லார் முகத்திலும் போன் வெளிச்சம். "நம்ம முகாமை நடத்த ஊர்லேர்ந்து அண்ணன் வந்திருக்காங்க" என்று பாஸ்டர் மைக்கில் சொன்னார். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருத்தி காதில் செருகியிருந்ததை ஒரு பக்கம் மட்டும் கழற்றினாள். ஒரு காது எனக்கு, மறு காது பாட்டுக்கு.

ஊரில் கூரியர் குடோனில் நாள் முழுக்க நின்றுகொண்டு பார்சல் பிரிக்கிறவன் நான். சம்பளமில்லா லீவில் வந்திருக்கிறேன். இவர்களுக்கு முகாம் எதற்கு? ஒரு வாரம் எங்கள் குடோனுக்கு அனுப்பினால் போதும், ஆவி தானாக இறங்கும்.

அக்டோபர் 18, சனி

தங்கியிருப்பது மூப்பர் வீட்டில். சபையில் பெரிய பொறுப்பு, எல்லாருக்கும் 'மூப்பர் மாமா'. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து அனுப்பும் லாண்டரியில் சூப்பர்வைசர். நம் ஜனங்கள் யார் புதிதாக வந்தாலும் அங்கே வேலை வாங்கித் தருகிறாராம். சபைப் பெண்களில் பாதிப் பேர் அவருக்குக் கீழேதான். அவர் உள்ளே நுழைந்தால் ஹாலே எழுந்து நிற்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் வீட்டு சோபா இருக்கிறதே, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை.

என் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன தம்பி, கொசுவலையா?" என்று சிரித்தார். தன்னுடைய கோட்டைக் கொண்டுவந்து அவரே மாட்டிவிட்டார். சாம்பல் நிறம், தோல் காலர். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். முதல் நாளே எல்லா போனையும் வாங்கிப் பூட்டி வைப்போம், கடைசி நாள் கொடுப்போம், அதையே காணிக்கையாகப் படைக்கச் சொல்வோம். மூப்பர் மேஜையைத் தட்டினார். "இதுக்குத்தான் ஊர்லேர்ந்து ஆள் வேணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" உடனே கார் ஷெட்டுக்குப் போய் ஓர் இரும்பு டூல் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, பூட்டும் சாவியுமாகக் கையில் கொடுத்தார்.

அக்டோபர் 20, திங்கள்

முகாம் ஆரம்பம். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் பழைய பள்ளி விடுதி. அடுக்குக் கட்டில்கள், எங்கும் ஈர மர வாசனை.

காணிக்கை நன்றாக நடந்தது. பின்னால் பாட்டு ஓட, ஒவ்வொருவராக வந்து போனைப் பெட்டியில் வைத்தார்கள். ஏதோ அடக்கம் பண்ணுகிற மாதிரி ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த முன்வரிசைக்காரி மட்டும் போனைக் கையிலிருந்து விடவில்லை.

"உங்க போன் எங்கண்ணா?"

"லீடருக்கு அவசரத்துக்கு வேணும்மா."

"எங்களுக்கு அவசரம் வராதா?"

"ஐயோ, வக்கீல் ஆரம்பிச்சுட்டா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அதுதான் அவள் பட்டப்பெயராம். மற்றவர்கள் தமிழில் தட்டுத் தடுமாறும்போது இவள் மட்டும் கடைவீதியில் பேரம் பேசுகிறவள் மாதிரிப் பேசுகிறாள். எங்கே பிடித்தாளோ. கடைசியில் வைத்தாள்.

பூட்டிய பெட்டியைப் படம் எடுத்து, 'இந்தத் தலைமுறையும் தியாகம் கற்றுக்கொள்கிறது' என்று எழுதிப் போட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

படத்துக்கு லைக் கொட்டுகிறது. அக்கா மட்டும், 'பெட்டி சூப்பர்டா, நீ எதுல போட்டோ எடுத்த?' என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் போடவில்லை.

அக்டோபர் 22, புதன்

காலைச் சாப்பாட்டு வரிசையில் வக்கீல் வந்து நின்றாள்.

"நாளைக்கு மத்தியானம் அரை மணி நேரம் என் போன் வேணும்ண்ணா."

"எதுக்கு?"

"வேணும்."

"காரணம் சொல்லு, பாக்கலாம்."

"சொல்ல முடியாது. உங்க முன்னாடியே உக்காந்து பேசுறேன், போதுமா?"

"யாரு, உன் ஆளா?" என்று கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் மூப்பர் வேனில் ரொட்டியும் பழமும் கொண்டுவந்து இறக்கினார். வக்கீல் போன் கேட்டு அடம்பிடிக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "யாரு, அவளா?" என்று கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு யார் வந்து அழுதாலும் குடுத்துடாதீங்க தம்பி. ஒருத்தருக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும்." நியாயமான பேச்சு.

பிறகு என் பிரசங்கம். உழைக்கிறவனின் கூலியைப் பற்றி. குடோனில் பார்சல் ஓடும் பெல்ட்டில் விரல் மாட்டிக்கொண்ட கூட்டாளிக்காக நாங்கள் மேனேஜர் அறையை அடைத்து நின்ற கதையைச் சொன்னேன். அவன் பயந்து வாயே திறக்கவில்லை, அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசினேன் என்றேன். மூப்பரின் 'ஆமென்' எல்லாருடையதையும்விடச் சத்தமாகக் கேட்டது. வக்கீல் கண் எடுக்காமல் என்னையே பார்த்தாள். முடிந்ததும் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூப்பர் என் தோளில் கை போட்டார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அவளை என் பேச்சு தொட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

மதியம் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. சமையலறைப் பின்படியில் உட்கார்ந்து படத்துக்கு வந்த கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணா, சாவி குடுங்க. இப்ப. ப்ளீஸ்."

"முடியாதுன்னு நேத்தே சொல்லிட்டேன்ல?"

"அஞ்சு நிமிஷம்ண்ணா. உங்க போனையாவது குடுங்க."

"போ, போய் மத்தவங்களோட இரு."

போனாள். போய்ப் பெட்டியின் பூட்டைக் கல்லால் அடித்து உடைக்கப் பார்த்திருக்கிறாள். பூட்டு அசையவில்லை, விரல்தான் நசுங்கியது. கொழுப்புதானே? எல்லார் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்டாள். "மன்னிச்சிருங்க" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்து அல்ல.

அக்டோபர் 24, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் போன்களைத் திருப்பிக் கொடுத்தோம். கூச்சல், கும்மாளம். வக்கீல் தன்னுடையதைத் திறந்து படித்தாள். வாசல் சரளைக் கல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"எங்க அம்மா எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அவள் அம்மாவும் அந்த லாண்டரியில்தான். துணியை அழுத்தித் தேய்க்கும் சூட்டு உருளை மெஷினில் வேலை. வேலை சீக்கிரம் ஓடவேண்டும் என்று தடுப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு அம்மாவின் கை முழங்கை வரை வெந்துவிட்டது. வீட்டில் கொதிநீர் கொட்டியதாகச் சொல்லச் சொன்னது மூப்பர். மகள் விடவில்லை, தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு போன் செய்யக் குறித்திருந்த நேரம் நேற்று மதியம்.

அம்மாவுக்கு இந்த ஊர் மொழி வராது. டாக்டர், பேங்க், பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் சின்ன வயசிலிருந்து மகள்தான் அம்மாவின் வாய். அந்தத் தமிழ் எங்கே பிடித்தது என்று இப்போது தெரிகிறது. அந்தப் போனில் தானும் சேர்ந்துகொண்டு பேசுவதாக இருந்திருக்கிறாள். முகாமுக்கு அனுப்பாவிட்டால் மூப்பருக்குச் சந்தேகம் வரும் என்று அம்மாதான் அனுப்பியிருக்கிறார்.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி: நாங்கள் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா? அம்மா, ஆமாம் என்றார். தடுப்புக் கம்பி இருந்ததா? ஆமாம். உங்கள் கவனக்குறைவா? ஆமாம். புகாரை முடித்துக்கொள்ளலாமா? ஆமாம். இந்தக் கேள்வி பதிலையெல்லாம் போட்டு, முடித்துவிட்டோம் என்று அவள் போனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டார்கள்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். வெட்கங்கெட்டவன், அதையும் கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? நீங்க அவர் கோட்டைப் போட்டுட்டு நிக்கிறீங்க."

பிறகுதான் உறைத்தது. புதன்கிழமை மூப்பரிடம் அவள் போன் கேட்கிறாள் என்றுதான் சொன்னேன். நாளைக்கு என்று நான் சொல்லவேயில்லை. அவர்தான் சொன்னார். நாளைக்கு யார் வந்து அழுதாலும்.

டேய், உனக்கு அறிவில்ல? ஒரு பொண்ணு கைய நசுக்கிக்கிட்டு வந்து நிக்குது, மன்னிப்பு கேக்க வெக்கிறியே நீ!

அக்டோபர் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடுங்குளிர். வேறு எதுவும் இல்லை, அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு போனேன்.

ஓர் அறை, ஒரு சமையல் மேடை. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நடக்கலாம். அம்மா வாசலிலேயே கோட்டை வாங்கினார். வாங்கியவுடன் கை நின்றது. "மூப்பரோடதுல்ல?" என்றார். கட்டுப் போடாத கையால் கொக்கியில் மாட்டி, காலரை நீவிவிட்டார். கீழே விழுந்துவிடுமோ என்று இன்னொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். அந்தக் கொக்கியில் என்னையே மாட்டியிருக்கலாம்.

"என்மேலதான் தம்பி தப்பு. அந்தம்மா போன்ல அவ்வளவு மரியாதையா பேசுனாங்க. அவங்ககிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"அம்மா, சும்மா இரு" என்றாள் வக்கீல். நசுங்கிய விரலில் பிளாஸ்டர். "அண்ணா, மறுபடி விசாரிக்கச் சொல்லலாம். அம்மாவுக்கு மொழி தெரியாது, நான் பக்கத்துல இல்லாததுக்குக் காரணம் நீங்கன்னு எழுதிக் குடுங்க. என்ன நடந்துச்சோ அதை மட்டும். தமிழ்லயே எழுதுங்க, மாத்தித் தர ஆள் இருக்கு. ஆனா மொதல்ல நான் படிப்பேன்."

எழுதித் தருகிறேன் என்றேன்.

"தம்பிக்கு ஏதாச்சும் பிரச்சனை வந்துடப் போகுது" என்றார் அம்மா. எனக்கும் சேர்த்து அவர் கவலைப்பட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

பாஸ்டரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நம்ம சபைக் குடும்பத்துக்குள்ள நடந்ததை ஆஃபீஸ் வாசல்ல கொண்டுபோய்க் கொட்டுவீங்களா? உங்க டிக்கெட் யார் போட்டதுன்னு தெரியுமா?"

சபை போட்டது என்று நினைத்தேன்.

"மூப்பர்" என்றார்.

மூப்பரிடம் அந்த 'நாளைக்கு' பற்றி நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். அவர் டீ போட்டுக்கொண்டு வந்து, சர்க்கரை போதுமா தம்பி என்று கேட்டார். போதும் மாமா என்றேன். குடித்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

கோட்டை அவர் சோபாவின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். இதுதான் என் வீரம். ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஊர். குடோன். விரல் போன கூட்டாளி முதுகில் தட்டி, "வெளிநாட்டுத் தலைவரே, எங்களை எல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றான். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பெட்டி, பூட்டு, அவள் கேட்டது, நான் மறுத்தது, மூப்பர் 'நாளைக்கு' என்று சொன்னது, எல்லாமே. ஓர் இடம் மட்டும் இடறியது. அவள் ஓடி வந்தபோது பின்படியில் உட்கார்ந்திருந்தேன் என்று எப்படி எழுதுவது? 'பொறுப்பாளர் கூட்டத்தில் இருந்ததால்' என்று போட்டேன். இதனால் என்ன வந்துவிடப் போகிறது? வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

அங்கிருந்து பாஸ்டர் சேதி அனுப்பியிருக்கிறார் போல. இங்கே சபையில் வாலிபர் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அக்கா, "இப்பத்தான்டா நீ உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க" என்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். தியாகம் பண்ணிவிட்டேனாம்.

நவம்பர் 6, வியாழன்

வக்கீலிடமிருந்து வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அண்ணா, படிச்சேன். ஒரு இடம் பொய். அன்னைக்குக் கூட்டமே சாயங்காலம்தான். முகாம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும், மூப்பர் மாமாவுக்கும் தெரியும். அந்த ஒரு வரியைப் பிடிச்சு மொத்தத்தையும் பொய்னு தள்ளிடுவாங்க. நீங்க படியில உக்காந்து போன் பாத்துட்டு இருந்தீங்க. என்ன பாத்தீங்கன்னு எழுதுங்க.'

நவம்பர் 8, சனி

அந்த வரியை எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். 'அவசரச் செய்தி' என்று ஒரு தடவை. 'வீட்டிலிருந்து அழைப்பு' என்று ஒரு தடவை. உண்மையை எழுதினால் ஒரே வரிதான். அந்த அம்மாவின் வெந்த கைக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரி உட்காரும். அதை மொழி தெரிந்த யாரோ ஒருவர் சத்தமாக வாசிப்பார்.

நவம்பர் 11, செவ்வாய்

பெட்டிப் படத்தை அழித்துவிட்டேன். லைக், கமெண்ட், எல்லாம் அதோடு போயிற்று.

நவம்பர் 13, வியாழன்

டீ இடைவேளையில் போன் அதிர்ந்தது. திறந்து பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். கூட்டாளி, "யாருடா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். பெல்ட் மறுபடி ஓட ஆரம்பித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

'மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேக்க நாளைக்குக் கடைசி நாள். என்ன பாத்துட்டு இருந்தீங்க? எழுதி அனுப்புங்கண்ணா.'