இந்த முறை ஆறு அரசர்தானாம், மச்சான்

மண்ணுக்குள்ளே போயும் என்னோடு வாதாடுவதை நிறுத்தாத என் அருமை மச்சான் சவிரிமுத்து அண்ணாவியாருக்கு,

உன் ஆண்டுப் பூசைக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும் என்று உன் தங்கச்சி, என் மனுசி, சொன்னாள். நாலு வெண்பாவும் ஒரு புலம்பலும் எழுதித் தர ஆள் இருக்கிறது. எனக்குத்தான் மனம் வரவில்லை. நான் கருவாட்டு வியாபாரி, பாட்டு உன்னுடைய சாமான். அதனால் அச்சுக்கூடத்துக்கு இந்தக் கடிதத்தையே கொடுக்கிறேன். குருநகர்ச் சனம் வாசிக்கட்டும். அவர்கள் காதிலும் விழ வேண்டிய கதைதான்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். உன்னை ஆர் உரோமாபுரிக்குப் போகச் சொன்னது? வருஷா வருஷம் வேதசாட்சிக் கூத்துப் போட்டு வந்தோம். உரோமை ராயன் உறுமுவான், அர்ச்சியசிஷ்டர் தலையைக் கொடுப்பார், சனம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும். அது போதாதா? "உந்த ராயன்மாருக்கு முந்தி அங்கை ஆர் ஆண்டது?" என்று சுவாமியாரிடம் போய்க் கேட்டாய். அவர் பழைய ஏழு அரசரின் கதையைச் சொல்லப்போக, என் கருவாட்டு வாடியில் குந்தியிருந்து ஏழு பேருக்கும் வரவுப் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டாய்.

முதலாவது ஆள் ரோமுலு, தன் மதிலைப் பாய்ந்து பகிடி பண்ணின தம்பியை வெட்டினவன். "வேலிச் சண்டை அங்கையும் இருந்திருக்கு" என்றேன். இரண்டாவது ஆள் நூமா, எந்நேரமும் பூசையும் வேண்டுதலும். வாளே எடுக்காத ராசன் என்று அந்த வேஷத்துக்கு ஒருத்தனும் வரவில்லை. நாலாவது ஆளுக்குப் பேரே 'அங்கு'; அந்த ராசன் கடற்கரையில் துறையும் உப்பளமும் போட்டானாம். அவன்மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்தது.

ஆனால் நம் இரண்டு பேர் மனதிலும் இருந்தவன் ஆறாவது ஆள், செர்வியு ராசன். வேலைக்காரி பெற்ற பிள்ளை, சிங்காசனம் ஏறினவன். சின்ன வயதில் நித்திரை கொள்ளும்போது அவன் தலையைச் சுற்றி நெருப்பு எரிந்ததாம். "எங்கடை வீட்டிலை எரிஞ்சிருந்தா கிடுகுக் கூரைதான் போயிருக்கும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. "மச்சான், தலையிலை கருவாட்டுக் கடகம் வைச்சுச் சாவகச்சேரிச் சந்தைக்கு நடந்தனீ. உனக்கு அவனைத் தெரியும்" என்றாய்.

அந்த வேஷத்தை நீயே கட்டினாய். கிழட்டு ராசனை மருமகன் தர்க்குவீன், அடுத்து ஏழாவது ராசனாகப் போகிறவன், படியிலிருந்து தூக்கி எறிவான். ஆட்கள் துரத்திப்போய்த் தெருவில் கொன்று போடுவார்கள். பெற்ற மகள் துல்லியாள் தன் தேரை அந்தப் பிரேதத்தின்மேல் ஓட்டிப் போவாள். அந்த மகளாக உன் மகன் அருளப்பு. அவனைப் போல பெண்குரல் எடுக்க ஊரில் ஆள் இல்லை, அது உண்மை. ஆனால் "சொந்தத் தேப்பனும் பிள்ளையும் உந்தக் காட்சியிலை வேண்டாம்" என்று நான் சொன்னேனா இல்லையா?

"கூத்திலை ஆர் தேப்பன், ஆர் பிள்ளை? நீ வண்டிலைத் தா" என்றாய்.

"என்ரை நாம்பன் சனத்தைக் கண்டா வெருளும்."

"கயிறு அருளப்புவின்ரை கையிலை. உன்ரை சொல்லைவிட அவன்ரை சொல்லுத்தான் உன்ரை மாட்டுக்குக் கேக்கும். பயந்தாங்கொள்ளி, தா எண்டால் தா."

தந்தேன். நீ விழுந்ததும் திரையைப் பிடித்து, உனக்குப் பதிலாக வைக்கல் பொம்மைக்கு உன் சிவப்புப் பட்டைப் போர்த்துக் கிடத்தினோம். அருளப்பு வண்டிலில் எழுந்து நின்று, கயிற்றைச் சுண்டி, உச்சத்தில் எடுத்துப் பாடிக்கொண்டே வந்தான். சில்லு ஏறி இறங்கியது. பெண்டுகள் மாரில் அடித்தார்கள். உன் தங்கச்சி "ஐயோ அண்ணை" என்று விழுந்துவிட்டாள். நீ திரைக்குப் பின்னால் என் தோளைப் பிடித்து உலுப்பினாய். "பாத்தியோ மச்சான், அழுகுதுகள்!" உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு ஒரு நாளும் கண்டதில்லை.

பிறகு மாரி வந்தது, காய்ச்சல் வந்தது. ஒழுங்கைச் சனம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. மற்றவர்கள் எழும்பினார்கள். நீ எழும்பவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தியே உன்னைச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம்.

அங்கேதான் அது தொடங்கியது. அருளப்பு குனிந்து மண் அள்ளும்போது பின்னாலே ஒரு குரல், மெதுவாக அல்ல: "அண்டைக்கு வண்டில் ஏத்தினான், இண்டைக்கு மண் போடுறான்." ஆரென்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கும்போது அவருக்கும் தெரியும்.

அன்றையிலிருந்து உன் மகனுக்குப் பேர் அருளப்பு இல்லை. "தேப்பனை மிதிச்சவன்." அவன் தெருவில் இறங்கினால் சின்னன்கள் மதிலுக்கு மேலால் கத்துகிறார்கள்: "வண்டில் வருது, தேப்பனை எழும்பச் சொல்லு!" தோணியில் ஏற்றவும் ஆள் இல்லை. அவன் கை பட்ட வலையில் மீன் விழாதாம். எத்தனை கைகளில் மீன் வாங்கியிருக்கிறேன், கையைப் பார்த்து விழுந்த மீனை நான் கண்டதில்லை.

ஊரை விடு, உன் தங்கச்சி? மருமகன் அருளப்பு படலையடிக்கு வந்தால் குசினிக்குள் போய்விடுகிறாள். "அது வைக்கல் பொம்மையடி" என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

"வைக்கல் எண்டு எனக்கும் தெரியும்" என்கிறாள். "ஆனா சில்லு ஏறினதை நான் கண்டனான்."

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

போன கிழமை அருளப்பு என் கருவாட்டுக் கிட்டங்கிக்கு வந்தான். நல்லாக மெலிந்து போனான். "மாமா, சிங்கப்பூருக்குப் போறன். கப்பலுக்குச் சொல்லியாச்சு" என்றான்.

நான் எனக்குத் தெரிந்த ஞாயத்தைச் சொன்னேன். "தம்பி, என்னை ஒரு காலம் நாத்தல் சந்தியா எண்டவை. கோயிலிலை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்காயினம். நான் ஊரை விட்டு ஓடினனானோ? இண்டைக்கு அவையே என்னை முதலாளி எண்டினம். நீயும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "உங்களை மணக்குது எண்டவை, மாமா. என்னைத் தேப்பனைச் சாகடிச்சவன் எண்டினம். ரண்டும் ஒண்டோ?"

மச்சான், எத்தனை பேரோடு பேரம் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவன் கணக்குத்தான் சரி.

அடுத்த நாள் கூத்துக்காரப் பெடியள் வந்தார்கள். உன் துக்கத்துக்காக ஒரு வருஷம் கூத்து நின்றது; வருகிற உயிர்த்த ஞாயிறு கழிய உன் ஏழு அரசரைத் திரும்பவும் போடப் போகிறார்களாம். வழக்கம்போல காஸ் லாம்பும் உடுப்பும் என் பொறுப்பு. எல்லாம் கதைத்து முடித்து எழும்பும்போது ஒருவன் சொன்னான்: "இந்த முறை ஆறு அரசர்தான் முதலாளி. அந்த வண்டில் காட்சி இனி வேண்டாம், செர்வியுவை விட்டிட்டம்."

"அப்ப அஞ்சாவது ஆள் செத்தாப் பிறகு நாட்டை ஆர் ஆண்டது?"

"அதை ஒருத்தரும் கேக்காயினம்."

"நான் கேக்கிறன்" என்றேன். வேலைக்காரி மகனைத் தூக்கி எறிந்துவிட்டு அவனைக் கொன்றவனை மட்டும் சிங்காசனத்தில் இருத்துவார்களாம். ஏழு பேரும் வராவிட்டால் என் லாம்பு ஒன்றும் எரியாது என்று சொல்லிவிட்டேன்.

செர்வியு வேஷத்துக்கு அருளப்புவிடம் ஆள் அனுப்பினேன். வந்தான். "அப்பாவின்ரை வேஷத்தை நான் கட்டுறன். ராசனா நான் விழுறன், அவரின்ரை பாட்டை நான் பாடுறன். ஆனா துல்லியாளா ஆர் ஓட்டுறது?" என்றான். நான் பெடியளைப் பார்த்தேன். ஒருத்தன் சால்வையைச் சரிசெய்தான். ஒருத்தன் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான். அந்தப் பேர் தன் வீட்டுக்கு வர ஆருக்குத்தான் விருப்பம்?

நான்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன்.

உன் தங்கச்சி "விசரே உங்களுக்கு? இந்த வயித்தோடையும் மீசையோடையும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னோடு கதை இல்லை. சோறு மட்டும் வருகிறது. அண்ணனை மிதித்த வண்டிலைத் தன் புருஷன் ஓட்டுவதை அவள் வந்து பார்ப்பாளா? எனக்குத் தெரியாது. அருளப்பு கப்பலைத் தள்ளித்தான் போட்டிருக்கிறான், விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

ஆகவே ஊரறிய எழுதித் தருகிறேன், மச்சான். மீசையை வழித்து, சேலை உடுத்து, உன் மகன் விழுகிற இடத்தில் கிடத்தும் வைக்கல் பொம்மையின்மேல் என் வண்டிலை நானே ஓட்டுவேன். தாளம் பிசகும், நீ அங்கேயிருந்து ஏசு. பேர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த நாள் காலையில் என் கிட்டங்கி வாசலுக்கு வரட்டும். அதன் பிறகும் அருளப்பு போகத்தான் வேண்டும் என்றால் நான் மறிக்கமாட்டேன். ஆனால் அந்தப் பேரைச் சுமந்துகொண்டு அவன் கப்பல் ஏறமாட்டான். அது என்னோடு குருநகரில் கிடக்கும்.

உன் தங்கச்சியின் புருஷன், உன் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கிற மாமன்,
சந்தியாப்பிள்ளை