தோளில் கிடந்த கை

21 அக்டோபர் 1971
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எல்சி எழுதுகிறாள். இது என் மகன் கஸ்பார் கடலுக்குப் போகும் தேதிகளை எழுதி வைத்த நோட்டு. பாதிக்கு மேல் வெறும் தாள். அவன் போய் இன்றோடு பதினோரு நாள். லாஞ்சு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன அவன் கூட்டாளி இன்னாசி நீந்தி வந்தான். என் பிள்ளையின் உடம்புகூட வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் படம் வேண்டும்.

23 அக்டோபர்
இருப்பது ஒரே படம். போன வருஷம் மாதா திருநாளில் ஸ்டுடியோக்காரர் ராசையா எடுத்தது. கஸ்பாரும் இன்னாசியும், பின்னால் பந்தல். இன்னாசி அவன் தோளைச் சுற்றிக் கை போட்டிருக்கிறான்; விரல் நாலும் இடத் தோள்மேல் தெரிகிறது.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோவுக்கு நடந்தே போய்ச் சொன்னேன் — என் பிள்ளை மட்டும் போதும். நெகட்டிவில் அவனைச் சுற்றிச் சிவப்பு மை பூசினால் மற்றதெல்லாம் போய் வெறும் வெள்ளையில் நிற்பானாம். அந்த விரலை இன்னா பண்றது என்றார். எடுத்துடு என்றேன்.

"அதுக்கு அடியில இருக்கிற தோளு படத்துல இல்ல பெரியவரே."

எடுத்துடு.

24 அக்டோபர்
காற்று சரியில்லை, போகாதே என்று நான் சொன்னேன். இன்னாசிதான் வாசலில் நின்று கூப்பிட்டான் — வா மாமு, ஒரு வலை, திரும்பிடலாம். அவன்தான் கொன்றான். இதை எழுதமாட்டேன் என்று எல்சி பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்றேன்.

2 நவம்பர்
கல்லறைத் திருநாள். எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான் எந்தக் குழிமேல வெப்பேன்?

4 நவம்பர்
படம் வந்தது. விரல் இல்லை. தோளும் இல்லை. சட்டையும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை — எது எங்கே முடிகிறது?

ஏழு வயசில் மரத்திலிருந்து விழுந்து பெயர்ந்த தோள். நான்தான் எண்ணெய் போட்டுக் கட்டினேன். அதற்கப்புறம் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கும். கடல் தின்னது போதாதுன்னு மிச்சத்தை நானே…

எல்சி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "இது அவரு இல்ல மாமா."

6 நவம்பர்
ராசையா நெகட்டிவில் ஈரப் பஞ்சால் அந்த இடத்து மையை மட்டும் துடைத்தார். தாழ்ந்த தோள் வந்தது. அதன்மேல் நாலு விரல், பின்னால் ஆளே இல்லாமல். இப்படியே போடு என்றேன்.

9 நவம்பர்
பூசை முடிந்து வந்தோம். இன்னாசி வாசலில் நின்றான். என் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். இடது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

"நான் புட்ச்சிக்கினுதான் இருந்தேன் நைனா. நழுவிடுச்சு."

வா என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எல்சி டீ கொண்டுவந்து வைத்தாள். துண்டுக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வரவேயில்லை. டீ ஆறிப்போனது.