விலை கேட்கத் தெரியாத வீடு

யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத என் அப்பாவுக்கு,

அங்கே சுகமா என்று கேட்கமாட்டேன். இதற்குள் அங்கேயும் நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். இங்கே அம்மை சுகம். கிணற்றடியில் நீங்கள் நட்ட பலா இந்த வருஷம் முதல் பிஞ்சு பிடித்திருக்கிறது. அதைப் பார்க்காமல் போக உங்களுக்கு என்ன அவசரம்?

ஒரு செய்தி இருக்கிறது. ஊர் வாயிலிருந்து உங்களுக்கு எட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் காந்திமதி இந்த வயதில் மறுபடியும் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். என்ன படிப்பு தெரியுமா? பணத்தை எப்படி நடத்துவது என்கிற படிப்பு.

சிரிக்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பதினாறாம் நாள் முடிந்த கையோடு, நம்மிடம் தேங்காய் வாங்குகிற பாறசாலைச் சந்தை முதலாளி வந்தார். உங்களுக்காக வாய்விட்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மையிடம் சொன்னார்: "அக்கா, வீட்டுல ஆம்பிள இல்ல. தென்னை வெளைய எனக்குப் பாட்டத்துக்கு விட்டிருங்க. வருசம் முழுக்க அரிசியும் எண்ணையும் நடையில வந்து சேரும். நீங்க ஒண்ணும் அறியண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை, அப்பா. ஆனால் அந்த 'ஒண்ணும் அறியண்டாம்' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தென்னந்தோப்பான விளையைக் குத்தகைக்கு விட்டுவிட்டால் நம் தென்னையில் ஒரு இளநீர் வெட்டவும் அவரைக் கேட்க வேண்டும். அம்மை பாதி சம்மதித்துவிட்டாள். உங்கள் மருமகனுக்கு எழுதிக் கேட்டேன். மலைத் தோட்டத்தில் தேயிலைக் கணக்கு எழுதுகிற அந்த மகராசர், 'உன் அப்பாவின் விளை, நீயே முடிவு செய்' என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த தேங்காய் வெட்டு வரைக்கும் முதலாளியிடம் தவணை வாங்கினேன்.

முடிவு செய்ய எனக்கு என்ன தெரியும்? நீங்கள் என்னை எழுதப் படிக்க வைத்தீர்கள். காசைத் தொட வைக்கவில்லை. தாலுகா கச்சேரியில் சர்க்கார் பணத்துக்கு ஒரு காசு பிசகாமல் கணக்கு எழுதுவீர்கள். சம்பளத்தை விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு மடியில் செருகிக்கொண்டால், அது எங்கே போகும் என்று அந்த விளக்குக்கும் தெரியாது.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடினேன். முதலில் கொல்லயில் வீட்டு ஆசானிடம் போனேன். வாய்ப்பாடு கேட்டார், சொன்னேன். வட்டிக் கணக்கு போடச் சொன்னார், போட்டேன். "இனி என்னத்தையாக்கும் படிக்கணும்?" என்றார். கையில் இருப்பதை வைத்து வீட்டை நடத்தப் படிக்க வேண்டும் என்றேன். "அது பாடமா மக்கா? அது தலையெழுத்தாக்கும்!" என்று வெற்றிலையைத் துப்பினார். நெய்யாற்றின்கரைப் பெண்பள்ளிக்கூடத்து ஆசிரியை மலையாளத்தில் பரிவாகத்தான் பேசினார். தொட்டி நிறைகிற கணக்கு உண்டு, வண்டி ஓடுகிற கணக்கு உண்டு, நான் கேட்கிற கணக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லையாம்.

கடைசியில் கிடைத்த இடம் மிஷன் சபை. அங்கே துணி ஓரத்துக்கு நூலில் ரேந்தை பின்னுகிற பெண்களுக்குச் சொந்தக் கூலி வருகிறது. அந்தக் கூலியை என்ன செய்வது என்று உபதேசியாரின் மனைவி ஏசுவடியாள் சனிக்கிழமை தோறும் வகுப்பு நடத்துகிறாள். என்னைவிட இளையவள். நான் போகிறேன் என்றதும் அம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "வேதக்காரங்க கூட்டத்துல போயி இருக்கப் போறியா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?" நாலு பேர் வந்து நம் விளையைக் காப்பாற்றுவார்களா என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் கிளம்பும்போது என் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

போனதும் ஏசுவடியாள் என் கையில் ஒரு சக்கரக் காசை வைத்தாள். "இதுக்கு எவ்வளவு உப்பு கிட்டும் அக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய்? தெரியவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டில் யாருக்கு அப்பா விலை தெரியும்? விலை கேட்பது குடும்பத்துக்குக் குறைச்சல் என்று வளர்ந்தவர்கள் நாம். கடைக்காரனுக்கு முன்னால் பையைத் திறந்து காட்டி 'எடுத்துக்க' என்பீர்கள். தேங்காய் வெட்டினாலும் அப்படித்தான். முதலாளி தட்டில் வெற்றிலை வைத்து அதன்மேல் வைத்து அனுப்புகிற பணம்தான் விலை. அதை எண்ணிப் பார்ப்பதே மரியாதைக் குறைவு நமக்கு!

முதல் பாடம் இதுதான்: சந்தைக்குப் போய் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும், எதையும் வாங்கக் கூடாது. போனேன். பூசணிக்காய்க்காரியிடம் விலை கேட்டேன். கேட்டுவிட்டு வாங்காமல் வர வெட்கமாகிவிட்டது. வாங்கினேன். அடுத்த இரண்டு பேரிடமும் அதே கதை. மூன்று பூசணிக்காயோடு வந்து நின்றவளைப் பார்த்து அம்மை, "ஏட்டி மக்கா, கல்யாணம் ஏதும் உண்டுமா வீட்டுல?" என்றாள். அன்றிலிருந்து வீட்டிலேயே பழகினோம். அம்மைதான் கடைக்காரி. நான் விலை கேட்பேன். அவள் சொல்லுவாள். அடுப்படியில் எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு அதுதான், அப்பா.

இரண்டாவது பாடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சபைப் பெண்கள் உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். "மிச்சம் வந்தா வைப்போம்னு இருந்தா ஒரு நாளும் வைக்க மாட்டோம் அக்கா. காசும் அப்படியாக்கும். எடுத்து வச்ச பெறவுதான் செலவு" என்றாள் ஏசுவடியாள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. நீங்கள் கொடுத்தது தப்பில்லை. கடைசியில் சிவராத்திரிக்கு வேட்டி எடுக்கக் காசில்லாமல் பழையதையே துவைத்து உடுத்திக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் தேங்காய் வெட்டு. இந்தத் தடவை நான் முற்றத்தில் நின்றேன். அதற்கு முன்பே நெய்யாற்றின்கரைச் சந்தையில் விலை கேட்டு வைத்திருந்தேன், பூசணிக்காய் வாங்காமல்! தேங்காய் குவிந்தது. முதலாளி வழக்கம்போல் தட்டை நீட்டினார். "பாட்டத்துக்கு என்ன முடிவு பிள்ளே?" என்றார். விலை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். உங்களோடு அத்தனை வருஷம் பழகிய மனுஷர். அந்த வெற்றிலையைப் பார்த்ததும் நீங்களே எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது. கை தட்டை வாங்கக்கூட நீண்டுவிட்டது.

"நிக்கட்டும் முதலாளி. நூறு தேங்காய்க்கு என்ன வெல தருவீரு?"

கேட்டது நான் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மை. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் கேட்க ஒரு வார்த்தை பேசாத அம்மை! அடுப்படியில் கடைக்காரியாக நடித்து நடித்து அவளுக்கு எல்லாம் பாடமாகிவிட்டிருந்தது. முதலாளி திகைத்துப்போனார். ஒரு விலை சொன்னார். "நெய்யாற்றின்கரையில கூடுதல் உண்டே" என்று அம்மையே தொடர்ந்தாள். அவர் குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டிருந்தா நான் இல்லேன்னு சொல்லியிருப்பனா?" என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டில் இன்னும் பணம் வைத்தார். பாட்டப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

அவர் போனதும் அம்மை வெளியே வந்து குவியல் இருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதாள். "ஒங்கப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்திருக்கலாமே மக்கா" என்றாள்.

வருகிற சனிக்கிழமை அவளும் என்னோடு வகுப்புக்கு வருகிறாள். அப்பா, ஒரு வாக்கு தருகிறேன். விளை நம் கையிலேயே இருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் முதல் பிடிப் பணத்தை உங்கள் பெயரில் தர்மத்துக்கென்று எடுத்து வைப்போம். பங்குனி வெயிலில் நம் வாசலில் நீங்கள் வைத்த சம்பார மோர்ப் பானை இந்த வருஷமும் இருக்கும். மோருக்கான தயிரை விலை கேட்டுத்தான் வாங்குவோம். குடிக்க வருகிறவர்களிடம் மட்டும், உங்களைப் போலவே, எதுவும் கேட்கமாட்டோம்.

உங்கள் கொடுக்கிற கைக்கும் அம்மையின் கேட்கிற வாய்க்கும் பிறந்த மகள்,
காந்திமதி