சூசையம்மாள் நின்ற இடம்

1964, ஆடி மாதம், திங்கள் இரவு.

தெருக்காரர்கள் சேர்ந்து கோட்டை மலையடியில் போட்ட காய்கறித் தோட்டத்துக்கு இன்று மாலையும் தண்ணீர் ஊற்றினோம். கிணற்றிலிருந்து பாத்திவரை வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவோம். அவரவர்க்கு அவரவர் இடம். எனக்கும் மளிகைக்கடை ராஜம்மாவுக்கும் நடுவில் சூசையம்மாள் நிற்பாள். அந்த இடத்தில் வேறு யாராவது நின்றால் சண்டைக்கு வருவாள். நேற்றுதான் அவளை அடக்கம் செய்தோம். பழக்கத்தில் இன்றும் அவள் இடத்தைக் காலியாக விட்டுத்தான் நின்றிருக்கிறோம்.

வேலை முடிந்து கை கழுவும்போதுதான் ராஜம்மா கேட்டாள். "இன்னாக்கா, நடுவுல ஆளே இல்ல. நீதான நகந்து வந்து கொடம் வாங்கின?"

"நான் எங்கடி நகந்தேன்? நீதான் வந்து குடுத்தேன்னு நெனச்சேன்."

"அய்யோ, நான் நின்ன எடத்த விட்டு அசையலக்கா."

கையை நீட்டினாலும் எட்டாத தூரம் அது. ஒரு குடம்கூடக் கீழே விழவில்லை. கத்தரிப் பாத்தி முழுக்க நனைந்திருக்கிறது. யோசித்தால், எல்லாக் குடத்தையும் சற்றுக் குனிந்துதான் வாங்கினேன். சூசையம்மாள் குள்ளம்.

"நாளைக்கு நெருங்கி நின்னுக்கலாம்க்கா" என்றாள் ராஜம்மா. நானும் தலையாட்டிவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. நெருங்க வேண்டுமென்றால், இரண்டு பேரில் ஒருத்தி அவள் இடத்தில் கால் வைக்க வேண்டும்.