எட்டும் நான்தான், சேர்

நேற்று உன் தங்கச்சி வந்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை என் ஒலிப்பதிவு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருடமாக அரிசி போடும் தகரப் பேணிக்குள் வைத்திருந்தாளாம்; தவிட்டு மணம் இன்னும் போகவில்லை. "அண்ணன்ட குரலை மட்டும் தனிய எடுத்துத் தாங்க. ஒருக்காக் கேட்டாப் போதும்" என்றாள். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் நீ செய்துவைத்த வேலை ஞாபகம் வந்தது. இருந்தபோதும் என்னைப் பாடாய்ப்படுத்தினாய், போனபிறகும் விடுகிறாயில்லை.

கல்லடியில் உங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்தச் சடங்குப் பாட்டைப் பதிந்தோம். அம்மனுக்குப் பின்பாட்டுப் பாட எட்டுப் பேர் வரவேண்டும். அன்றைக்கென்று ஆமிக்காரர் பாதையை மூடிவிட்டார்கள், ஒருவரும் வரவில்லை. நீ அசரவில்லை. "கம்ப்யூட்டர் இருக்க ஆளென்னத்துக்கு மச்சான்?" என்று தனியாகப் பாடிப் பதிந்துவிட்டு கோரஸ் எஃபெக்டைத் திறந்தாய். ஒரு குரலைப் பல படிகளாக்கி, ஒவ்வொன்றையும் இம்மியளவு பிந்தவிட்டு, சுருதியையும் கொஞ்சம் ஆட்டிவிட்டால் கூட்டமாகப் பாடுவதுபோல் கேட்கும். கொஞ்சம் என்றுதான் நான் சொன்னேன். நாலு குரல் போதும், ஆட்டத்தைக் குறை என்று தொண்டை வறளக் கத்தினேன்.

"குறைச்சாக் கூட்டம் தெரியாதுடா" என்று எட்டாக்கினாய். ஆட்டத்தையும் முழுக்க ஏற்றினாய். கள்ளுத் தவறணையிலிருந்து எழும்பி நேரே கோயிலுக்கு வந்த எட்டுப் பேர் பாடுவதுபோல் இருந்தது. அதையும் ஜன்னலைத் திறந்துவைத்து, ஸ்பீக்கரை அலறவிட்டுக் கேட்டாய்.

ரோந்து வந்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று பதிந்திருந்த காலம். உங்கள் லிஸ்டில் நீயும் தங்கச்சியும் மட்டும். பெரியவன்போல் இருந்த ஒருவன் லிஸ்டைத் தட்டிக் கேட்டான்: "இதுல ரெண்டு ஆள். பாட்டு எட்டு ஆள். மத்த ஆள் எங்க?" கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த ஒழுங்கையிலிருந்து வந்தவன் என்று அடையாள அட்டையை நீட்டினேன். நீயோ நெஞ்சை நிமிர்த்தி, "எட்டும் நான்தான், சேர்" என்றாய். அந்த இடத்திலேயே உன்னை அறைந்திருக்கவேண்டும்.

பிறகு உட்கார்ந்து, எட்டை ஏழாக்கி, ஏழை ஆறாக்கி, ஒவ்வொன்றாகக் குறைத்துக் காட்டினாய். அவன் விரல் மடித்து எண்ணினான். கடைசியில் உன் குரல் மட்டும் நின்றபோது, "ஒரு ஆள்தான் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு உயிர் வந்தது. உனக்கு ரோசம் வந்தது. உடனே திரும்பவும் எட்டாக்கி, எட்டையும் ஒன்றாகக் கலந்து அப்படியே சேமித்தாய். டிஸ்க்கில் இடமில்லை என்று முதலில் பதிந்த குரலையும் அழித்தாய். கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஒத்தக் குரலை ஆர் கேக்கப் போறா?" என்றாய்.

மூன்றாம் வாரம் படுவான்கரைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து நீ போய்விட்டாய். ஆர் கேட்கப் போகிறார் என்று கேட்டாயே, இதோ கேட்கிறாள்.

காலையிலிருந்து முயன்றேன். இப்போதைய மென்பொருளால் பாட்டிலிருந்து மேளத்தைப் பிரிக்கலாம், ஆர்மோனியத்தைப் பிரிக்கலாம். உன்னிலிருந்து உன்னைப் பிரிக்க வழியில்லை. எட்டு நீ இருக்கிறாய், ஒரு நீ இல்லை. எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

பின்னேரம் தங்கச்சி வந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு எட்டையும் சேர்த்தே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள் திடீரென்று கையை உயர்த்தினாள்.

"பொறுங்க. இதுல மூண்டாவது ஆள்தான் எங்கட அண்ணன். மத்தவங்கள் ஆரெண்டு தெரியா."

மூன்றாவது ஆள் என்று ஒருவருமில்லை, எல்லாம் ஒரே குரலின் படிகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.

அவள் போனபின் நானும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். படித்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும் மச்சான், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அந்த மூன்றாவது ஆள் நீதான்.