கண்ணாடிக் குவளையில் உடைத்த முட்டை

அப்பா, இன்று காலை ரீத்தாவுக்கு ஆம்லெட் போட முட்டையைக் கண்ணாடிக் குவளையில் உடைத்தேன். மஞ்சள் கருவில் ஒரு ரத்தப் பொட்டு. கை தானாகவே அதைத் தொட்டியில் கொட்டிவிட்டது. உங்களைப் பார்த்துப் பழகிய கை.

"ஏன் இப்படிச் செய்றோம்னு கண்டுபிடிச்சிட்டேம்மா," என்றாள் பின்னாலிருந்து.

உங்கள் பேத்தி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சிங்கப்பூரில் வேலை, தினமும் எல்லை தாண்டிப் போய்வருகிறாள். சும்மா இருக்காமல் எச்சிலைக் கொடுத்து வம்சப் பரிசோதனை செய்திருக்கிறாள். அதில் கிடைத்த தூரத்து உறவுக்காரி ஒருத்தி லண்டனிலிருந்து வந்து, சிங்கப்பூர் யூதர் கல்லறையில் உங்கள் தாத்தாவைக் காட்டியிருக்கிறாள். கொச்சியிலிருந்து வந்த கோஹன். ரத்தம் கண்ட முட்டை அவர்களுக்கு ஆகாதாம். ஜப்பான்காரன் காலத்தில் யூதர்களைப் பிடித்து அடைத்தபோது, அவர் மகன், அதாவது உங்கள் அப்பா, பாலம் தாண்டி ஜோகூரில் உலு திராம் தோட்டத்துக்கு ஓடிவந்து சவரிமுத்து ஆகிவிட்டார். பிறகு சிங்கப்பூர் பிரிந்து, ஒரே நாடு இரண்டானது. கல்லறை அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நாம் இந்தப் பக்கம் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

உங்களுக்கு எல்லாம் தெரியும், இல்லையா? சின்ன வயதில் ஒருமுறை சிங்கப்பூர் எல்லையில் குடிநுழைவு வரிசையில் நின்றபோது கேட்டேன்: "அங்க நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களாப்பா?" என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள் பாருங்கள், உயிர் போகிற வலி. "வாய மூடு. நம்ம உலு திராம் ஆளுங்க. அவ்வளவுதான்." கோபம் என்று நினைத்து வீடு வரும்வரை உங்களோடு பேசவில்லை. உங்கள் உள்ளங்கை ஈரமாக இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பிறக்கப் போகும் பையனின் பெயரோடு கோஹனைச் சேர்க்கப் போகிறாளாம் ரீத்தா. "மறைச்சது போதும்மா. நம்ம என்ன திருடுனோமா?" என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ஆயிஷாவைத் தெரியுமே, நீங்கள் கண்மூடிய அன்று நம் வீட்டுக்கே சமைத்து அனுப்பியவள். டிவியில் யூத நாட்டுக் குண்டு விழுந்து செத்த பிள்ளைகளைப் பார்த்து அவள் அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுகிறேன். அந்த அழுகை பொய்யில்லை. நாளைக்கு இந்தப் பெயரைக் கேட்டால் அவள் முகம் எப்படி மாறும்? பள்ளியில் அவனை மற்ற பிள்ளைகள் என்ன கேட்பார்கள்?

வேலைக்குக் கிளம்பிய ரீத்தாவை வாசலில் நிறுத்தினேன். "வேணாம்லா. நம்ம உலு திராம் ஆளுங்க. அவ்வளவுதான்."

"கைய விடுங்கம்மா, வலிக்குது."

குனிந்து பார்த்தேன். நீங்கள் பிடித்த மாதிரியே அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அவளே என் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இவன் கையையும் இப்படித்தான் பிடிக்கப் போறீங்களா?"

பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன். உங்களிடம் இதற்குப் பதில் இருந்ததா அப்பா? என் உள்ளங்கை ஈரமாக இருக்கிறது.