நெற்றியில் ஐஸ் பாட்டில்

8 மார்ச் 2020, ஞாயிறு

முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று மறைமலை நகர் கிரவுண்டில் மாநில இறுதி ஆட்டம், பெனால்டியில் ஜெயித்தோம். நான் இரண்டு தடுத்தேன். பதினோரு வருஷமாக இந்த டீமுக்கு கோல் காக்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாக தேசிய மகளிர் லீகுக்குப் போகிறோம். நாட்டிலேயே அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எனக்கு இருபத்தொன்பது. ஒரே ஒரு மேட்ச். அந்த லீகில் ஒரே ஒரு மேட்ச் நின்றுவிட்டால் போதும், அப்புறம் இந்த முட்டியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "ஜெயிச்சியா? சர்ச்சுக்கு வந்தியா இன்னிக்கு?" என்றாள். வரவில்லை, தூங்கினேன். என்னைப் பெற்ற அன்னபுஷ்பத்திடம் நல்ல வார்த்தை வாங்குவதற்குள் உலகக் கோப்பையே வாங்கிவிடலாம்.

நாளை பி ஷிஃப்ட்.

24 மார்ச்

நாடே மூடியாச்சு. கம்பெனியும். இருபத்தோரு நாளாம்.

2 ஜூன்

இருபத்தோரு நாளாவது, மண்ணாவது.

கம்பெனி திறந்துவிட்டார்கள். ஒரகடம் பஸ்ஸில் சீட்டுக்கு ஒரு ஆள். காருக்கு வயர் கட்டும் ஹார்னெஸ் லைனில் முப்பது பேர் வேலையைப் பதினெட்டு பேர் செய்கிறோம். சூப்பர்வைசர் மட்டும் அதே முப்பது பேர் கணக்கைக் கேட்கிறார்.

மணிமங்கலம் வீட்டுச் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடிக்கிறேன். பக்கத்து வீட்டு ராஜம்மா சண்டைக்கு வந்துவிட்டாள்.

19 ஆகஸ்ட்

லீக் இந்த வருஷக் கடைசியில் நடக்கலாம் என்று மெயில் வந்ததாம். செல்லக்கனி அக்கா போனில் சொன்னாள். எங்கள் கோச். திருச்செந்தூர் பக்கத்துக்காரி, ஒருகாலத்தில் மிட்ஃபீல்டில் ஓடாத இடம் கிடையாது. பி.டி. டீச்சராக இருந்த ஸ்கூல் மூடிக்கிடப்பதால் குன்றத்தூரில் இட்லி மாவு விற்கிறாள். "ஏட்டி ஜோவிதா, 'நடக்கும்'னு போடல பாத்துக்கோ, 'நடக்கலாம்'னுதான் போட்டுருக்கான்" என்றாள்.

நடக்கலாம் போதும்.

3 செப்டம்பர்

வற்றிக் கிடக்கும் ஏரி மைதானத்தில் பிராக்டிஸ் ஆரம்பம். ஷிஃப்ட் முடித்து நேரே போகிறேன். மூச்சு வாங்குகிறது, மானம் போகிறது. இரண்டாவது கோல்கீப்பர் ஷாலின், பத்தொன்பது வயசு, படப்பைக்காரி, என் லைனிலேயே வேலை. குரங்கு மாதிரி தாவுகிறாள். "அக்கா, உனுக்கு இன்னா, கியர் மாட்டிக்கிச்சா?" என்கிறாள். திமிர். ஆனால் கை நல்ல கை.

10 செப்டம்பர்

எங்கள் பஸ்ஸில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கேட்டில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரை நீட்டுவான். சூடு காட்டினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பதினாலு நாள் சம்பளம் கிடையாது. அதனால் டிரைவர் ரகுபதி அண்ணன் தன் சீட்டுக்குப் பக்கத்தில் ஐஸ்பெட்டி வைத்திருக்கிறார். அதில் ஒரு பாட்டில். வல்லம் சிக்னல் தாண்டியதும் அது சீட்டுக்குச் சீட்டு கைமாறும். ஆளுக்குக் கொஞ்சம் நெற்றியில் ஒத்திக்கொள்கிறோம். வெயிலில் நின்றாலே அந்த மிஷின் கண்டபடி காட்டுகிறது, அதற்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம்.

15 செப்டம்பர்

உடம்பு வலி. பிராக்டிஸ் வலிதான். காலையில் பாட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொண்டேன். 97 காட்டியது. செக்யூரிட்டி, "சூப்பர்மா" என்றான். சாயங்காலம் பிராக்டிஸுக்கும் போனேன். எங்களைச் சுற்றி நிற்கவைத்து அக்கா பேசினாள், வழக்கம்போல ஒரே தண்ணீர் கேனில் எல்லோரும் குடித்தோம்.

17 செப்டம்பர்

கேன்டீன் சாம்பாரில் வாசனையே இல்லை. எப்போதுமே இருக்காது என்று சிரித்தோம்.

அப்புறம் சோப்பை முகர்ந்து பார்த்தேன்.

23 செப்டம்பர்

டீமில் எட்டு பேருக்கு பாசிட்டிவ். ஷாலினுக்கு. எனக்கு. செல்லக்கனி அக்கா ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

நான்தானா? பஸ்ஸில் யாருக்கு முதலில் வந்ததோ. அந்த பாட்டிலைத் தொடாத கை எது? ஆனா எனக்கு ஒடம்பு முடியலன்னு எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சுதான போனேன். பதினஞ்சாந்தேதி போவாம வூட்டுலயே கெடந்திருந்தா இன்னா குடி முழுகிப் போயிருக்கும்?

அம்மா கதவுக்கு வெளியே சோறு வைத்துவிட்டு ஜெபம் பண்ணுகிறாள். எனக்கு இல்லை, அக்காவுக்குப் பண்ணு என்றேன். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பண்றேன், வாயை மூடிக்கினு சாப்புடு" என்றாள்.

14 அக்டோபர்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறாள். கிரவுண்டின் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் அது.

சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி உடம்பு முடியாமல் வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

2 நவம்பர்

கம்பெனியில் புது வேலை. உனக்குத்தான் வந்து போய்விட்டதே என்று தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பஸ் வாசலில் நின்று ஒவ்வொரு நெற்றியாகப் பார்க்க வேண்டும். யார் நெற்றியில் ஈரம் என்று எனக்குத் தெரியாதா! ஈரமாக இருந்தால் கழுத்தில் வைக்கிறேன். என்னைக் கண்டாலே முறைக்கிறார்கள். இன்று ஒருத்தி, "நீ யோக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இல்லை.

11 டிசம்பர்

லீக் தள்ளிவைப்பு. இனி அடுத்த வருஷம்தானாம்.

8 மார்ச் 2021

மே மாதம் நடக்குமாம். இப்போது 'நடக்கும்' என்றே போட்டிருக்கிறதாம். சரியாக ஒரு வருஷம் ஆகிறது மாநில ஆட்டம் முடிந்து. முப்பதும் ஆகிவிட்டது.

எச்.ஆர். ஜெபகுமார் சாரிடம் லீவு கேட்டேன். "லீவு தரேன்மா, சம்பளம் கேக்காத" என்றார். தெய்வமே, அது போதும்.

12 ஏப்ரல்

பட்டியல் வந்துவிட்டது. முதல் கோல்கீப்பர் நான். ஷாலின் இரண்டாவது. ஆட்டத்துக்கு முன்னால் அங்கே பதினாலு நாள் தனிமையாம், அதனால் இருபதாம் தேதியே சென்ட்ரலில் ரயில். எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். அக்கா விசில் ஊத முடியாமல் கைதட்டியே பயிற்சி கொடுக்கிறாள். ஒரு தட்டு என்றால் முன்னால், இரண்டு தட்டு என்றால் பின்னால். ஒவ்வொரு தட்டும் என் முதுகில் விழுகிறது.

19 ஏப்ரல்

எனக்கு நெகட்டிவ். எல்லோருக்கும் நெகட்டிவ். ஷூவுக்குப் புது லேஸ் போட்டேன். அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டுவிட்டாள், தேசிய லீக் என்றால் வேளாங்கண்ணி போவது மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

20 ஏப்ரல்

எழுதி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் எழுந்ததும் கண்ணெல்லாம் எரிந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. வீட்டு தெர்மாமீட்டரில் 100.8. வேனுக்கு ஒரகடம் ஜங்ஷனில் நிற்கிறோம், நானும் ஷாலினும். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பையிலிருந்து ஐஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "வச்சுக்கோக்கா, ரெண்டு நிமிசம். வேன்லயும் ஸ்டேஷன்லயும்தான் பாப்பாங்க. டெஸ்ட் பேப்பர் கைல கீதுல்ல?"

நான் போகாவிட்டால் அவள்தான் முதல் கீப்பர். அவள்தான் பாட்டிலை நீட்டுகிறாள்.

வாங்கினேன். நெற்றியில் வைத்தேன். அந்தக் குளிர்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. வேன் வந்து நின்றது. செல்லக்கனி அக்கா முன் சீட்டிலிருந்து இறங்கினாள். மூன்று படி இறங்குவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"எனக்குக் காய்ச்சல்க்கா. நான் வரல." ஷாலின், "லூசாக்கா நீ?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கிட்ட வராதே என்று கத்தினேன். தூரமாய் நின்றபடியே செப்டம்பர் சமாச்சாரத்தையும் கொட்டிவிட்டேன். பாட்டில், உடம்பு வலி, 97, எல்லாம். ரோட்டில் லாரி போகிற சத்தத்தில் பாதி கேட்டதோ இல்லையோ.

அக்கா கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அப்புறம், "ஏழு மாசமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா திரிஞ்ச?" என்றாள். திரும்ப ஏறி உட்கார்ந்தாள். ஷாலினை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது.

அழுதேன். நல்லா அழுதேன். ஒரே ஒரு மேட்ச்சுதான கேட்டேன்.

22 ஏப்ரல்

பாசிட்டிவ்.

லீகையும் தள்ளிவைத்துவிட்டார்கள். டீம் பாதி வழியில் விஜயவாடாவில் இறங்கித் திரும்பி வருகிறது. மறைத்துப் போயிருந்தாலும் விஜயவாடா வரைக்கும்தான் போயிருப்பேன், வழியெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டு. சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. முறுக்கில் ருசி தெரியவில்லை.

அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ்: "காய்ச்சல் எவ்வளவு இருக்கு?" 101 என்று போட்டேன். "கஞ்சி குடி" என்று வந்தது. அதை நாலு தடவை படித்தேன்.

7 ஜூலை

இந்த சீசனே ரத்து.

16 நவம்பர்

ஏரியில் தண்ணீர். பிராக்டிஸ் இல்லை. மூன்று வாரமாக ஓவர்டைம். முட்டி, இடுப்பு, எல்லாம் ஒவ்வொன்றாகப் புகார் கொடுக்கிறது. அம்மா ஒரு மாப்பிள்ளை போட்டோ காட்டினாள், ஶ்ரீபெரும்புதூரில் மொபைல் கடையாம். ஃபுட்பால் பார்ப்பானா என்று கேட்டேன். "பாக்க மாட்டான். அதான் புடிச்சிருக்கு" என்றாள்.

21 மார்ச் 2022

ஏப்ரலில் லீக். எங்கள் இடம் அப்படியே இருக்கிறதாம். ஆசைப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

பட்டியலில் ஷாலின் முதல் கீப்பர். நான் இரண்டாவது. சரிதான். நானே கோச்சாக இருந்தாலும் அப்படித்தான் போடுவேன். என்றாலும் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

26 ஏப்ரல்

ஐந்து மேட்ச் முடிந்தது. ஐந்திலும் பெஞ்ச். ஒரு டிரா, நாலு தோல்வி. ஷாலின் அருமையாக நிற்கிறாள். நான் பாட்டில்களை அடுக்கி, அக்காவின் கைதட்டலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளை மறுநாள் கடைசி மேட்ச். அப்புறம் ஒரகடம், ஏ ஷிஃப்ட்.

28 ஏப்ரல்

காலை ஆறு மணிக்கு என் ஹோட்டல் அறைக் கதவைத் தட்டினாள் ஷாலின். திறக்கப் போனால், "தொறக்காதக்கா" என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள்.

"காச்சலடிக்குதுக்கா. 100. ஃப்ரிட்ஜுல பாட்டில் இருந்துச்சு. எடுத்தேன், அப்பால வச்சுட்டேன். செல்லக்கனி அக்காகிட்ட சொல்லிட்டேன். நீ கிளவுஸ எடுத்துக்கினு கெளம்பு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அடிப்பாவி என்று சொன்னேனோ என்னவோ.

மேட்ச் ஆடினேன். தொண்ணூறு நிமிஷமும். நாலு கோல் வாங்கினேன். மூன்றாவது என் தப்பு. அக்கா இரண்டு தட்டு தட்டியும் முன்னால் போய்த் தொலைத்தேன். இரண்டு பந்து தடுத்தேன், அதில் ஒன்று விரல் நுனியில். முடிந்ததும் அக்கா என் பக்கம் வந்து, "மூணாவது உனக்குத் தேவையாட்டி?" என்று கேட்டுவிட்டு, தோளில் கையைப் போட்டு அப்படியே நின்றாள். அவள் மூச்சு வாங்குவது காதில் கேட்டது. பஸ் வரும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

ராத்திரி கஞ்சி கொண்டுபோய் ஷாலின் அறைக் கதவுக்கு வெளியே வைத்தேன்.

"நாலா?" என்று உள்ளிருந்து குரல்.

"நாலுதான்டி."

"நானா இருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பேன்."

இருமலும் சிரிப்புமாகக் கேட்டது. கஞ்சி ஆறிவிடும், எடுத்துக் குடிடி என்று சொல்லிவிட்டு, அந்தக் கதவில் சாய்ந்து கீழேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டியை மடக்க முடியவில்லை.